மல்லிகாவின் புள்ளிகள்

1

நான் ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு வருடம் முடிந்தது. இங்கே ஒரு வழக்கம். பிறந்தநாளாகட்டும், வேலையில் சேர்ந்த நாளாகட்டும், யாருக்கு விசேஷமோ அவரே கேக் செய்து கொண்டுவந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நமக்கு நாமே விழா எடுத்துக்கொள்வதில் எனக்கு இன்னும் கூச்சம் போகவில்லை. ஆனாலும் ஏலக்காய் தட்டிப் போட்டு ஒரு பெரிய கேக் செய்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய், ஆய்வகத்தின் சமையலறையில் பரப்பி வைத்து, பதினோரு மணிக்கு வாருங்கள் என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன்.

பதினோரு மணிக்கு ஒருவரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கத்தியோடும் தட்டுகளோடும் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். மொத்த ஆய்வகமும் மல்லிகாவின் கணினிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. சாதாரணமாக யாரையும் பாராட்டாத எங்கள் பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்கு மூக்கு இடிக்கும்படி குனிந்து, “அழகு, அழகு” என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் பச்சைப் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளும் சிதறிக் கிடந்தன. சில பச்சைப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் அவற்றின் சிவப்பு ஜோடி சற்று நகர்ந்து உட்கார்ந்திருந்தது. பல வருடமாக நான் பார்க்க ஆசைப்பட்ட படம் அது.

என்னை முதலில் பார்த்தவள் மல்லிகாதான். “அட, இன்னிக்கு அக்காவோட கேக்குங்க” என்று தமிழில் தொடங்கி, பிறகு ஆங்கிலத்தில் சொல்லி எல்லோரையும் சமையலறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு துண்டு சாப்பிட்டு, “நொம்ப நல்லா இருக்குதுங்கக்கா” என்றாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. என் விழாவுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த புண்ணியமும் அவளுக்கே போய்விட்டது.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பனி, ரயில், சுத்தமான தெரு பற்றியெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதுவது பொறாமை பற்றி. பதினெட்டு வருடத்தில் இந்த நாட்டில் நான் ஒழுங்காகப் பராமரித்து வைத்திருக்கும் சொத்து அது ஒன்றுதான்.

2

மல்லிகா கரடியூர்ப் பெண். ஏற்காட்டில் நான் படித்த அதே பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தாள். நான் நாகலூரிலிருந்தும் அவள் கரடியூரிலிருந்தும் வெவ்வேறு பஸ்ஸில் வந்து ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்குவோம். அங்கிருந்து பள்ளி வரை ஒரே சாலை. நான் என் வகுப்பில் முதல், அவள் அவள் வகுப்பில் முதல். அதோடு நின்றிருந்தால் தொந்தரவு இல்லை. சேலத்தில் நடந்த அறிவியல் போட்டிக்கு இருவரையும் அனுப்பினார்கள். அவளுக்குக் கோப்பை, எனக்குச் சான்றிதழ். திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அந்தக் கோப்பை என் பக்கம் சாய்ந்து என் முழங்காலில் இடித்தது.

என் அப்பா காபி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கு எழுதுவது, கூலி போடுவது எல்லாம் அவர் கையில். கண்ணாடி ஜன்னல் வைத்த ஓட்டு வீட்டில் இருந்தோம். அது எஸ்டேட்டின் வீடு. அப்பா ஓய்வு பெற்ற மாதமே காலி செய்தோம். இப்போது அம்மா நாகலூரில் வாடகைக்கு இருக்கிறார். மல்லிகாவின் அப்பாவுக்குக் கரடியூரில் கொஞ்சம் காபி, நாலு பலா மரம், மிளகுக் கொடி, மண் சுவர் வைத்த வீடு. சின்னது என்றாலும் தலைமுறையாக அவர்களுடையது. யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது.

அவள் பெங்களூரில் இதே துறையில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு வருட உதவித்தொகை கிடைத்து, உலகத்தில் எத்தனையோ ஆய்வகம் இருக்க, போன தைப் பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தாள். கணவரும் இரண்டு பிள்ளைகளும் கரடியூரில். நான் வந்த காலத்தில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விடியும் முன்பே போய் வரிசையில் நின்றேன். நாகலூர் என்பது ஊரா, மாவட்டமா, அதற்கு அத்தாட்சி உண்டா என்று கேட்டு என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அவளுக்கு எல்லாம் கணினியிலேயே முடிந்தது. குடியிருப்பு அட்டை தபாலில் வந்தது.

அம்மா தொலைபேசியில் சொன்னார்: “ஏன் கண்ணு, மல்லிகா அங்கதான் இருக்குதாமே. போறதுக்கு மின்ன வந்து சொல்லிட்டுப் போச்சு. கரடியூருல புதுசா ஊடு கட்டுதுக. கூரைக்குத் தார்சு போட்டாச்சாம். நல்ல புள்ள. ஒரு சாக்கு பலாக்கொட்டை குடுத்துட்டுப் போச்சு.”

“நானும் நல்ல புள்ளதாம்மா” என்றேன்.

“உன்னைய யாரு கண்ணு இல்லைன்னா?” என்றார் அம்மா. ஆனால் பலாக்கொட்டையைப் பற்றியே மேலும் கொஞ்ச நேரம் பேசினார்.

3

இதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். என் மகள் விஷயம்தான் முடியவில்லை.

யாழினிக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். ழகரம் வரவில்லை என்றால் விடமாட்டேன். பிறகு சனிக்கிழமை கைப்பந்து வந்தது, தமிழ் போயிற்று. என் கணவர் பாதி வாரம் வேறு நகரத்தில் வேலை பார்ப்பவர். இருக்கும் நாட்களில் அவரும் அவளோடு ஜெர்மனில் பேசிச் சிரித்துக்கொள்வார்.

மல்லிகா முதல் தடவை வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, யாழினி வழக்கம்போல அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். மல்லிகா கதவைத் தட்டித் தன் புதிய ஜெர்மனில் ஏதோ கேட்டாள். தன் ஊரில் ‘ங்க’ போட்டுப் பேசிய பழக்கத்தில், நான் வந்த புதிதில் செய்த அதே காரியத்தை அவளும் செய்தாள். எல்லா வாக்கியத்தின் வாலிலும் ‘தயவுசெய்து’ சேர்த்தாள். “கதவைத் திற, தயவுசெய்து. என் பெயர் மல்லிகா, தயவுசெய்து.” உள்ளே யாழினி வாய்விட்டுச் சிரித்தாள். கதவு திறந்தது.

“நான் தப்புத்தப்பாப் பேசறேன், நீ சிரி சாமி. நீ தமிழ்ல தப்புத்தப்பாப் பேசு, நான் சிரிக்கறேன்” என்றாள் மல்லிகா. ஒப்பந்தம் அவ்வளவுதான்.

இரண்டு மாதத்தில் யாழினி தமிழ் பேசினாள். அதுவும் என்ன தமிழ்? சென்னையில் படித்தபோது விடுதித் தோழிகள் சிரித்தார்கள் என்று நான் சோப்புப் போட்டுக் கழுவிப் போக்கிய எங்கள் ஊர்த் தமிழ். ஒரு நாள் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டு, “அம்மா, ஊட்டுக்கு எப்ப வருவ? எனக்கு நொம்பப் பசிக்குது” என்றாள். சந்தோஷப்பட வேண்டிய தாய் நான். எனக்கு வயிறு எரிந்தது. தொலைபேசியை வைத்துவிட்டு, “அது வீடு, ஊடு இல்லை” என்று ஆளில்லாத அறையில் சொன்னேன்.

4

என் வேலை என்ன என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் என் வயிற்றெரிச்சல் புரியாது.

நம் உடம்பில் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் சின்ன ஜி புரதம் என்ற வகை உண்டு. அவை சுவிட்சுகள். ஒரு சிறு மூலக்கூறு ஒட்டியிருக்கும்போது சுவிட்ச் எரியும். அது சிதைந்து ஒரு துண்டு கழன்றால் அணையும். எரியும் நேரத்தில் மட்டும் சில கூட்டாளிப் புரதங்கள் வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில்தான் உயிரணு வளர்வதா, நகர்வதா என்பதெல்லாம் முடிவாகிறது. சுவிட்ச் அணைய மறந்தால் புற்றுநோய் வரலாம். ஆகவே யார், எந்தப் பக்கத்தால் பிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் பல வருடமாக ஒரே ஒரு கூட்டாளியோடு குடும்பம் நடத்துகிறேன். அது சுவிட்சைத் தன் முன்பக்கத்தால் பிடிக்கிறது என்பது, வேறு சோதனைகளை வைத்து நான் சொல்லிவந்த ஊகம். அதைத்தான் கருத்தரங்குகளில் பேசினேன். இங்கே என்னை நாலு பேருக்குத் தெரியும் என்றால் அந்த முன்பக்கத்தால்தான்.

கண்ணால் பார்க்க என்.எம்.ஆர். என்ற காந்தக் கருவி வேண்டும். கனமான நைட்ரஜனைத் தின்னக் கொடுத்து பாக்டீரியாவை வளர்த்து, அதிலிருந்து கூட்டாளிப் புரதத்தைப் பிரித்து, மாடி உயரக் காந்தத்துக்குள் இறக்கினால், புரதச் சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத் தெரியும். பிறகு சுவிட்சைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும் முன் எடுத்தது பச்சைப் புள்ளி, சேர்த்த பின் எடுத்தது சிவப்பு. எந்தப் புள்ளி நகர்கிறதோ அந்த இடத்தில் கை பட்டிருக்கிறது. இவ்வளவுதான். ஆனால் என் கூட்டாளி குழாய்க்குள் போனதும் தயிர்போலத் திரண்டுவிடும். ஒரு படம் தேறியதில்லை. மல்லிகா வந்த மூன்றாம் மாதம் அதன் வால் பகுதியை வெட்டிவிட்டாள். வால் இல்லாத புரதம் சமர்த்தாகக் கரைந்தது. எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று இன்றுவரை நினைத்து நினைத்து நொந்துகொள்கிறேன்.

கேக் தினத்தன்று அவள் திரையில் நகர்ந்த புள்ளிகள் எல்லாம் பின்பக்கத்துப் புள்ளிகள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவள் படத்தைக் காட்டுவாள், அது சரி என்று முடிவானால் கட்டுரை அவள் பெயரில் போகும், இனி இந்தக் கூட்டாளிப் புரத வேலைக்கு அவளே பொறுப்பு என்றார் பேராசிரியர். “நீங்கள் அவளுக்கு உதவியாக இருக்கலாம்” என்று என்னிடம் அன்பாகச் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் சுட்டது.

5

மறுநாள் அவள் படத்தை என் திரையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்றே உட்கார்ந்தேன், மறைப்பானேன். கண்டுபிடித்தேன்.

எல்லாவற்றிலும் அதிகமாக நகர்ந்த மூன்று புள்ளிகளும் ஹிஸ்டிடின் என்ற கண்ணிகளுடையவை. ஹிஸ்டிடின் ஒரு தொட்டாற்சிணுங்கி. கரைசலில் அமிலப் புளிப்பு ஒரு சொட்டு ஏறினால் போதும், யாரும் தொடாமலே நகர்ந்துவிடும். சுவிட்சை எரிய வைக்க நாங்கள் சேர்க்கும் மூலக்கூறின் கரைசல் கொஞ்சம் புளிப்பு. அதனால்தான் எங்கள் தொழிலில் ஒரு சம்பிரதாயம் உண்டு. கலக்கப்போகும் இரண்டு புரதங்களையும் தனித்தனிச் சவ்வுப் பையில் கட்டி, ஒரே பாத்திரத்து உப்புக் கரைசலில் இரவெல்லாம் ஊறப் போட வேண்டும். காலையில் இரண்டுக்கும் ஒரே உப்பு, ஒரே புளிப்பு. அதன் பிறகு புள்ளி நகர்ந்தால் அது பிடித்ததால் நகர்ந்தது. மல்லிகா அவசரத்தில் ஒரே பாத்திரத்தில் ஊறப் போடவில்லை. அவள் குறிப்பிலேயே அது இருந்தது.

எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்தேன். யாழினி, “என்னம்மா, நொம்ப குஷியா?” என்றாள். அன்றைக்கு அந்த ‘நொம்ப’கூட எனக்கு உறுத்தவில்லை.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லும் எண்ணமே எனக்கு இல்லை. வியாழக்கிழமை, எல்லோர் முன்னாலும், அவள் பேசி முடித்த பிறகு, மெதுவாகக் கை தூக்கிச் சொல்ல வேண்டும். வெறும் வாயால் சொன்னால் போதாது, முறைப்படி செய்த படமும் கையில் இருக்க வேண்டும். அதற்கு அவளுடைய வால் வெட்டிய புரதம் தேவை.

“மல்லிகா, உன் புரதத்துல கொஞ்சம் குடேன்” என்றேன்.

“எதுக்குங்கக்கா?”

“சும்மா, ஒண்ணு பாக்கணும்.”

குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மிச்சமிருந்தது முழுவதையும் கையில் வைத்தாள். அதை வளர்த்துப் பிரிக்க வாரக்கணக்கில் பாடுபட வேண்டும். “தீந்தாப் பரவாயில்லீங்க, மறுக்கா வளத்துக்கலாம்” என்றாள்.

ஒரே பாத்திரத்தில் இரண்டையும் ஊறப் போட்டேன். காந்தத்தில் இறக்கினேன். படம் வந்தது. நான் சொன்னது சரி. மூன்று ஹிஸ்டிடின் புள்ளிகளும் நல்ல பிள்ளைகளாகத் தங்கள் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தன. கை தட்டாத குறை. பிறகுதான் மற்றவற்றைப் பார்த்தேன். மூன்றின் ஆர்ப்பாட்டத்தில் கண்ணில் படாமல் இருந்த சிறு புள்ளிகள் ஐந்தாறு, அடக்கமாக, ஒரே திசையில் நகர்ந்திருந்தன. எல்லாம் பின்பக்கம். என் முன்பக்கத்தில் ஒரு புள்ளிகூட அசையவில்லை.

இரண்டாவது தடவையும் செய்தேன். புரதம் தீரும்வரை செய்தேன். என் முன்பக்கம் செத்துப்போயிருந்தது.

6

வியாழக்கிழமைக் கூட்டத்தில் மல்லிகா எழுந்து நின்று முதல் வாக்கியமாகச் சொன்னது இது: “இந்த மூன்று புள்ளிகளை நம்ப வேண்டாம். நான் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊறப் போடவில்லை, இது புளிப்பினால் இருக்கலாம். மறுபடி செய்த பிறகே முடிவு சொல்வேன்.” சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டினாள்.

மூன்று நாளாக நான் தீட்டி வைத்திருந்த வாக்கியத்தை அவளே சொல்லிவிட்டாள். பேராசிரியர் முகம் சுருங்கி, “எப்போது மறுபடி செய்வீர்கள்?” என்றார். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்குத்தான் தெரியும், அவளிடம் ஒரு துளிப் புரதமும் இல்லை.

என் படங்கள் என் மடிக்கணினியில் இருந்தன. பேசாமல் இருந்திருந்தால் என் முன்பக்கம் இன்னும் இரண்டு மாதம் உயிரோடு இருந்திருக்கும். இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்தத் தொழிலில் இத்தனை வருடம் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது. ஒரு நல்ல படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டாமல் இருக்க முடிவதில்லை. “செய்தாயிற்று” என்று எழுந்தேன்.

காட்டினேன். ஹிஸ்டிடின் நகரவில்லை, பின்பக்கம் நகர்ந்தது, முன்பக்கம் என்று நான் சொன்னது தவறு. எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். இங்கே கைதட்டலுக்குப் பதில் அதுதான். தன் கருத்தே விழும் என்று தெரிந்தும் சக ஊழியருக்காக இரவு பகலாக உழைத்த பெருந்தன்மை என்று பேராசிரியர் சொன்னார். பதினெட்டு வருடத்தில் எனக்கு விழுந்த பெரிய தட்டல் இதுதான். என் வாழ்க்கையிலேயே நான் அதிகக் கெட்ட எண்ணத்தோடு செய்த வேலை அது.

கூட்டத்தின் முடிவில் பேராசிரியர் மல்லிகாவிடம், உதவித்தொகை முடிந்த பிறகும் தங்கி இந்த வேலையைப் பொறுப்பெடுத்து நடத்த முடியுமா, இடம் ஏற்பாடு செய்கிறேன் என்று கேட்டார். அவள் யோசிக்கக்கூட இல்லை. கல்லூரியில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், டிசம்பரில் ஊருக்குப் போகிறேன், அக்கா பார்த்துக்கொள்வார்கள் என்றாள். நான் ஆசைப்பட்டது எல்லாம் இரண்டு நிமிடத்தில் எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

7

மாலையில் தூறல். பஸ் நிறுத்தம் வரை இருவரும் என் குடையில் நடந்தோம்.

“எதுக்குப் புரதம் கேட்டீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்கக்கா” என்றாள்.

“தெரிஞ்சா அப்புறம் ஏன் குடுத்த?”

“எனக்கு அது சரியா வரோணும்னு ஆசைங்க. நான் பண்ணுனா என் கண்ணு எனக்குத் தோதாத்தான் பாக்கும். தப்பா வரோணும்னு ஆசை இருக்கற ஆளு பண்ணி, அப்பவும் அதுவே வந்துச்சுன்னா அதுதானுங்க நெசம்.”

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “எனக்கு உன்மேல பொறாமை, மல்லிகா” என்றேன். ஒளிக்க இனி என்ன இருக்கிறது?

“தெரியுமுங்க. கோப்பை வாங்குன அன்னிக்கே தெரியும்” என்று சிரித்தாள். “ஆனா எனக்கு உங்கமேல இருந்த பொறாமை உங்களுக்குத் தெரியாதுங்க.”

நின்றுவிட்டேன். “என் மேலயா?”

“உங்க மேலதானுங்க. ரைட்டரூட்டுக் கண்ணாடி சன்னல், உங்க கால்ல கறுப்பு சூ, நீங்க டீச்சர்கிட்ட இங்கிலீசுல பேசறது, எல்லாத்து மேலயும். நீங்க ஜெர்மனி போயிட்டீங்கன்னு ஒண்டிக்கடையில வெச்சு உங்கம்மா சொன்னாங்க. எனக்கு ரெண்டு நாளு சோறு எறங்கலைங்க. நானும் இதே படிப்புதான் படிக்கோணும்னு எங்கப்பாகிட்டச் சண்ட போட்டதே அதுக்கப்புறந்தானுங்க.”

மனம் குளிர்ந்துவிட்டது. பொறாமை பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். அது நம்மைப் பார்த்து ஒருவருக்கு வந்தால் இவ்வளவு இனிக்கும் என்று யாரும் சொன்னதில்லை. நிறுத்தத்தை அடைந்ததும் எங்கள் பஸ் ஒன்று வந்தது. அவள் கைகாட்டப் போனாள். “அடுத்ததுல போலாம்” என்று தடுத்தேன்.

“அப்புறம்? இன்னும் சொல்லு” என்றேன். சொன்னாள். வரப்போகும் மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது, என் புகைப்படம் போட்ட உள்ளூர்ச் செய்தித்தாளைப் பார்க்கப் பிடிக்காமல் அடுப்பில் போட்டது, எல்லாம் சொன்னாள். நான் ஒவ்வொன்றையும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

“இப்பவும் இருக்கா?” என்றேன்.

மல்லிகா பொய் சொல்லமாட்டாள். மூன்று புள்ளிகளை நம்ப வேண்டாம் என்று தானே எழுந்து சொன்னவள். கொஞ்சம் யோசித்தாள்.

“இல்லீங்கக்கா. போயிருச்சுங்க.”

“எப்போ?”

“இங்க வந்த பொறகுதானுங்க. மொத ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வந்தனல்லங்க, அன்னிக்கு.”

அன்று சாத்தியிருந்த யாழினியின் அறைக் கதவு என் கண்முன் வந்தது. அடுத்த பஸ் வந்து நின்றது. “ஏறுங்கக்கா, நனையறீங்க” என்று குடையை என் கையிலிருந்து வாங்கி மடக்கினாள்.